பன்னிரண்டடி வட்டம்

மார்ச் 9, ஞாயிறு

சுபா வந்தாள், போனாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலையிலிருந்து சாயந்தரம் வரை அம்மா வீடு என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்பா வைகுண்டராஜ் காரை வாசலில் நிறுத்தினார், பிள்ளையை இறக்கிவிட்டார். தன் பக்கத்துக் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

கோழிக்குழம்பு வைத்திருந்தேன். "நேத்துத்தான் அத்தையும் கோழி வச்சாக" என்றாள். அவ்வளவுதான், அந்தக் குழம்பே எனக்குக் கசந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு சோபாவில் காலை மடக்கிக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே உத்தமபாளையத்தில் கடைக்கு மேல் வீடு, அத்தை யுவராணி, அத்தை பிள்ளைகள், எந்நேரமும் கூட்டம். இங்கே பழனிசெட்டிபட்டியில் நான், ஒரு டிவி, கொல்லையில் ஒரு முருங்கை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைப் பார்த்து உட்காரும்? நாலு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டாள். கார் ஐந்தரைக்குத்தான் வரும் என்று அவளுக்கும் தெரியும்.

மே மாதம் பத்து நாள் என்னோடு இருக்க வேண்டும். அதுவும் உத்தரவுதான். ஒரு பகலுக்கே இந்தப் பாடு என்றால் பத்து நாள் எப்படி? பாதியில், அப்பாவிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டால்? மூன்று வருஷத்துக்கு முன் ஜட்ஜ் அம்மா கேட்டபோது அதைத்தான் சொன்னாள். இன்னொரு தடவை அதைக் கேட்க என் காதுக்குத் தெம்பு இல்லை.

மார்ச் 10

காலையில் டிரைவிங் ஸ்கூலில் கார் பழக வந்த பொம்பளைக்கு கிளட்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வீரபாண்டித் திருவிழாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வண்டியை வாய்க்காலுக்குள் விடப் பார்த்தாள். என் பக்கத்தில் இருந்த பிரேக்தான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரைத் திருவிழாவுக்கு சுபாவைக் கூட்டிப்போயிருந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு ராட்டினம் பக்கம் வந்தால், அங்கே வட்டமாக ஒரு குதிக்கிற வலை. டிராம்போலின். ஒரு டிக்கெட்டுக்குக் கொஞ்ச நேரம். ரிப்பன் அவிழ்ந்து தொங்க, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு குதித்தாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. டிக்கெட் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் சொன்னாள்: "நம்ம வீட்டுல இது இருந்துச்சுன்னா நான் எங்கயும் போகமாட்டேம்மா."

தூக்கத்தில் சொன்னதுதான். ஆனாலும் இரண்டு வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

வாங்கிவிட வேண்டியதுதான்.

மார்ச் 14

மதுரைக் கடைக்காரரிடம் போனில் பேசினேன். ஆறடியில் தொடங்கிப் பதினாலடி வரை இருக்கிறதாம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன். "ஒரு பிள்ளைக்கு எட்டடியே ஜாஸ்தி மேடம்" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஒரு பிள்ளை என்றால் ஓரமாகப் போட்டுக் கொடுத்துவிடலாமா? அவள் வளர்கிற வளர்த்திக்கு எட்டடியில் விட்டால் பஞ்சாரத்துக் கோழிதான். கடைக்காரரை ஒரு பிடி பிடித்தேன். பாவம், அவர் கடைசிவரை மேடம் மேடம் என்றுதான் பேசினார்.

அதற்குப் பிறகு உருப்படியான விஷயங்கள் சொன்னார். சுற்று வலை ஸ்ப்ரிங்குக்கு உள்பக்கமாக வருகிற மாதிரி வாங்கணும், அப்போதுதான் கால் இடுக்கில் போகாது. துரு ஏறாத குழாய் வேண்டும். சுற்றிலும் ஆள் நடக்க இடம் விடணும், மேலே கிளை எதுவும் இருக்கக் கூடாது.

டேப் எங்கே போனதோ தெரியவில்லை. பீரோவிலிருந்து ஒரு நூல் சேலையை எடுத்துப் போய்க் கொல்லையில் விரித்தேன். சேலை என்றால் பதினெட்டடி, அதில் சந்தேகம் இல்லை. பதினாலடி போட்டால் துவைக்கிற கல்லில் இடிக்கும். பன்னிரண்டு போட்டால் சுற்றிவர இடம் கிடைக்கும். பன்னிரண்டுதான்.

ஸ்கூட்டி பழகுகிற சந்தனம்மாளிடம் மட்டும் சொன்னேன். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு" என்றாள். ஐம்பது வயதில் ஸ்கூட்டி பழகுகிறவள் என்னைச் சொல்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

முருங்கையில் தெற்கே நீட்டிக்கொண்டிருந்த கிளையை வெட்டினேன். துணி காயப்போடுகிற கொடிக்கயிறு வாசல் பக்கம் போய்விட்டது. இனிமேல் என் உள்பாவாடையெல்லாம் தெருவைப் பார்த்துக் காயும். காயட்டும்.

மார்ச் 28

வந்துவிட்டது. பார்சல் ஆபீஸிலிருந்து லோடு ஆட்டோவில் இரண்டு பெரிய பெட்டி. இறக்கிய ஆள், "கட்டிலாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவரும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்.

ஹாலில் நடக்க இடமில்லை. பெட்டிமேல் உட்கார்ந்துதான் ராத்திரிச் சோறு தின்றேன். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாட்டியாச்சு. இடுப்பு எனக்கே சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது.

தம்பி அஜய்குமாரை வரச் சொல்லியிருந்தேன். அவனுக்குத் தேனி பஜாரில் பாத்திரக்கடை, குடியிருப்பு அல்லிநகரத்தில். அப்பா கட்டிய இந்த வீட்டில் நான் இருந்துகொள்ளட்டும் என்று விட்டவன். நல்லவன்தான். தரை மேற்கே சரிவாக இருந்தது, மண்வெட்டியால் சீவி மட்டம் பண்ணினோம். கால்களை நட்டு, மேல்வளையத்தைச் சேர்த்தவரைக்கும் சண்டை இல்லை.

ஸ்ப்ரிங்கில்தான் வந்தது வினை. அஜய் சின்ன வயதிலிருந்து கயிற்றுக்கட்டில் பின்னிப் பழகியவன். அதே கை. ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டே போனான். பாதி வட்டம் வெண்ணெய் மாதிரி வந்தது. மறுபாதிக்கு வந்தால் வலை முழுக்க அந்தப் பக்கமே ஒண்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்ப்ரிங்கை வளையத்துக்கு இழுத்தால் எட்டவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம். ம்ஹூம். அப்புறம்தான் கூட வந்த படத்தைப் பிரித்துப் பார்த்தேன். இங்கே ஒன்று மாட்டினால் நேர் எதிரே ஒன்று, பிறகு குறுக்கே ஒன்று, அதற்கு எதிரே ஒன்று. அப்படிப் பகிர்ந்து மாட்டினால்தான் நடுவில் நிற்குமாம். அத்தனையையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து.

கண்டபடி திட்டினேன் அவனை. வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். இன்றைக்கு வாயே திறக்கவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, "எதுக்குக்கா இம்புட்டுப் பெருசு? சுபா என்ன இன்னும் சின்னப்பிள்ளையா?" என்றான்.

பின்னே கிழவியா என்றேன். சிரிக்கவில்லை. சாப்பிடாமலே போய்விட்டான். கடையில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, கேட்கணும்.

ஏப்ரல் 7

உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். திருப்பித் தள்ளுகிறது. ஏறவில்லை. முதலில் அவள் ஏறணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அனுப்பவில்லை. பதினொரு மணிக்கு நானே போன் போட்டேன். சுபா போன் அணைந்திருந்தது, யுவராணிக்குப் போட்டேன். சுபாவுக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் யுவராணி. பிள்ளையிடம் போனைக் கொடு என்றால், தூங்குகிறாளாம். பகல் பதினொரு மணிக்கா? காய்ச்சல் என்றால் தூங்கத்தானே செய்யும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தன. சுபா அக்கா ஏறின பிறகு வாங்க என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17

எழுத வேண்டாம் என்று பேனாவை வைத்தேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருக்கிறது.

சந்தனம்மாளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். உத்தமபாளையம் கூட்டிப்போனேன். எட்டுப் போட்டுத் தேறிவிட்டாள். சந்தோஷமாக டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ். பட்டுச்சேலை, ஒட்டியாணம், தலை நிறையப் பூ, அன்னப்பறவை சிம்மாசனத்தில் ஒரு பெண். யார் வீட்டுப் பிள்ளையோ லட்சணமாக இருக்கே என்றுதான் முதலில் பார்த்தேன்.

என் பிள்ளை.

பூப்புனித நீராட்டு விழா. வருகிற ஞாயிறு. எங்கள் வீட்டு மகாலட்சுமி சுபாஸ்ரீ. அப்பா பெயர், அத்தை பெயர், அத்தை வீட்டுக்காரர் பெயர், அத்தை பிள்ளைகள் பெயர், கடைப்பெயர்கூட இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் தாய்மாமன் அஜய்குமார். என் பெயர் எங்கேயும் இல்லை. இண்டு இடுக்கெல்லாம் தேடிட்டேன். பெத்தவ பேரு இல்ல. எம்புள்ள பெரிய மனுசி ஆனத நான் டீக்கடை ஃப்ளெக்ஸ்ல பாத்துத் தெரிஞ்சுக்கிறேன். வயித்த வலிச்சிருக்குமே அவளுக்கு — பயந்திருப்பாளே — யாரு கூட இருந்தா? யாரு சொல்லிக்குடுத்தா?

அப்படியென்றால் அன்றைக்கு ஸ்ப்ரிங் மாட்டும்போதே அஜய்க்குத் தெரியும்.

திரும்பும்போது சந்தனம்மாளே ஸ்கூட்டியை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழி முழுக்க ஒரு தடவைகூடப் பிரேக் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 18

அஜய்யைக் கேட்டேன். போன மாதக் கடைசியிலேயே வெற்றிலை பாக்கோடு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடக்காதே, அதனால் அவன் வேண்டும். நான் வேண்டாம். "சபையில வாழாவெட்டி நிக்கக்கூடாதுன்னு அவுக அத்தை சொன்னாக. சொன்னா நீ தாங்கமாட்டேன்னுதான்க்கா…" என்று இழுத்தான்.

"ஏலே, அப்ப வந்து ஸ்ப்ரிங் மாட்டுனியே, அன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன்.

யுவராணியிடமும் பேசினேன். குரலை உயர்த்தக் கூடாது என்று நினைத்துத்தான் பேசினேன். வயதுக்கு வந்த பிள்ளையை ஆம்பளைத் துணை இல்லாத வீட்டில் பத்து நாள் விடமுடியாது, கோர்ட்டுக்குப் போவதானால் போய்க்கொள் என்றாள். "என்னமோ சர்க்கஸ் வலை வாங்கி வச்சிருக்கியாமே. இனி அவ குதிக்கிற பிள்ளையா?" என்று கேட்டாள்.

குரலை உயர்த்தினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பத்தரைக்கு மேல் முகூர்த்தம் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்தது. அந்த நேரத்தில் கொல்லைக்குப் போய் ஸ்ப்ரிங்கைக் கழற்ற ஆரம்பித்தேன். கொக்கியைப் போட்டு இழுத்து, கழற்றி வீசி, இழுத்து, வீசி… பாதி வட்டம் கழற்றுவதற்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. வலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு கிடக்கிறது. யாருக்காக வாங்கினேன், எதற்காகக் கிளையை வெட்டினேன் என்று சத்தமாகவே கேட்டேன்.

சாயந்தரம் அஜய் பட்டுவேட்டியோடு வந்தான். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. வா என்று சொல்லவில்லை. அவனாகத்தான் வந்து உட்கார்ந்தான்.

"மால போடாம நின்னுட்டேன்க்கா" என்றான். சீர்த்தட்டெல்லாம் இறக்கி, பிள்ளையை உட்காரவைத்து, மாமன் மாலை போடணும் என்று கூப்பிட்டார்களாம். இவன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மாமன் வீட்டு விருந்துக்குப் பிள்ளையை அனுப்புகிறோம் என்று சபையில் சொல்லுங்கள், போடுகிறேன் என்றிருக்கிறான். அது வழக்கம்தானே, அனுப்பாமலா இருப்போம் என்றிருக்கிறார்கள். "மாமன் வீடுன்னா எங்கப்பா கட்டுன வீடு. அங்கன இருக்கது எங்கக்கா. மே ரெண்டாம் தேதி அங்கன கொண்டாந்து விடுங்க, பத்து நாள் விருந்துன்னேன்."

யுவராணி குதித்திருக்கிறாள். பெரியவர்கள், தாய்வீட்டு விருந்தை மறித்தால் நல்லதில்லை என்றிருக்கிறார்கள். மாலை வராமல் பிள்ளை எழுந்திருக்க முடியாது. வைகுண்டராஜ் கடைசியில் சரி என்று தலையாட்டினாராம்.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமேடா" என்றேன்.

"முன்னாடி தைரியமில்லக்கா."

தண்ணீர் கொடுத்தேன். காபி போடவில்லை. போட்டோ காட்ட வந்தான், வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் போய் அனுப்பியிருந்தான். பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் காமிராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 24

மறுபடி மாட்டினேன், தனியாக. உதவிக்கு யாரையும் கூப்பிடப் பிடிக்கவில்லை. இங்கே ஒன்று இழுத்து மாட்டுவது, வட்டத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போவது, எதிரே ஒன்று மாட்டுவது, திரும்பச் சுற்றி வருவது. கோயிலைக்கூட இத்தனை சுற்றுச் சுற்றியதில்லை.

மே 2, வெள்ளி

வந்துவிட்டாள். உயரமாகிவிட்டாள். காதில் புதுக் கம்மல்.

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததும் முகம் ஒரு நொடி அந்த வீரபாண்டி முகம் ஆனது. கை வலையைத் தொடப் போனது. பிறகு தானாகவே பின்னால் வந்துவிட்டது. "குதிக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாக" என்றாள்.

நான் டீ போட உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் யுவராணியைத்தான் சொல்லியிருப்பேன்.

மே 3

வலை மேல் முருங்கைப்பூ உதிர்ந்து கிடக்கிறது. நான்தான் கூட்டுகிறேன்.

மே 4, ஞாயிறு

சோபா, போன். போன், சோபா. பிரியாணி செய்தேன், நன்றாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம், "நான் வேணா முன்னாடியே போயிறவா? ஒனக்கு வேல இருக்கும்ல" என்றாள். வேலையெல்லாம் இல்லை, லீவு போட்டிருக்கிறேன் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

பயந்த வார்த்தை வந்துவிட்டது. பாதி வந்துவிட்டது.

மே 5

சாயந்தரம் என்ன வேகம் வந்ததோ, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏறிவிட்டேன். முதலில் அவள் ஏறணும் என்று வைத்திருந்த விரதம் போச்சு. நாற்பத்தொரு வயது உடம்பு. ஸ்ப்ரிங்கெல்லாம் ஐயோ என்று கத்தியது. ஒரு குதி, இரண்டு குதி, மூன்றாவதில் மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்க முடியாமல் எனக்கே சிரிப்பு.

சத்தம் கேட்டு ஓடி வந்தாள். "ம்மா, என்னம்மா பண்ற?" என்று கேட்டவள், நான் கிடந்த கிடப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள். வலைக் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக ஏறினாள். குதிக்கவில்லை. அந்த ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இந்த ஓரம். மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேலே பார்த்தபடியே, "நீ ஏம்மா வரல?" என்றாள்.

"எங்க?"

"சடங்குக்கு. கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்னு அத்தை சொன்னாக. நான் மண்டப வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

போட்டோவில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாக்கு நுனி வரை வந்தது, யுவராணியின் ஏழு தலைமுறையையும் இழுத்து. விழுங்கினேன். அந்த வீட்டில்தானே பிள்ளை இருக்கணும்.

"எனக்குத் தெரியாதுத்தா. யாரும் சொல்லல. ஃப்ளெக்ஸ்லதான் ஒன்னப் பாத்தேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன்."

அழுகிறாளா என்று அவள் பக்கம் புரண்டேன். நான் புரண்டதும் வலை பள்ளமாகி, அவள் உருண்டு வந்து என்மேல் இடித்தாள். வெட்கப்பட்டுத் தன் ஓரத்துக்கு நகர்ந்தாள். மறுபடி நடுவுக்கே வந்துவிட்டாள். இன்னொரு தடவை முயற்சி பண்ணினாள். அதேதான்.

"இதுல தள்ளிப் படுக்க முடியாது போல" என்றாள். அதற்குப் பிறகு நகரவில்லை.

மே 7

காலையில் ஸ்ப்ரிங் சத்தத்தில்தான் முழித்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலைமுடி பறக்க, கம்மல் ஆட, முருங்கைக் கொப்பு உயரத்துக்கு. என்னைப் பார்த்ததும், "அத்தைகிட்டச் சொல்லிராத" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்தாச்சு. எத்தனை பிள்ளைகள் என்று இப்போது கேட்கட்டும் அந்த மதுரைக்காரர்.

மே 11, ஞாயிறு

போய்விட்டாள். இன்றைக்கு ஹாரன் அடித்த பிறகுதான் செருப்பைத் தேடினாள். திரும்பிப் பார்த்தாள் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. காருக்குள் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மே 12

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவேன் என்பது மறந்துபோயிற்று. மிஞ்சிவிட்டது.

மே 14

வலையில் தனியாகப் படுத்துப் பார்த்தேன். ஒரு ஆள் படுத்தால் ஒரு பள்ளம்தான். எந்தப் பக்கமும் உருளவில்லை. உடனே இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கின்றன. கார் பழகுகிறவர்களை இன்றைக்கு அநியாயத்துக்குத் திட்டினேன்.

மே 19

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து இறங்கின மழை. மூன்று மணிக்கு போன் அடித்தது. சுபா. மூன்று வருஷத்தில் அவளாக எனக்குப் போட்ட முதல் போன்.

"ம்மா, அங்கன மழையா? இங்கன ஊத்துது. அதுமேல தார்ப்பாய் போட்டியா?"

முதல் தூறலிலேயே போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தேன்.

இன்னும் போடவில்லை என்றேன். ஐயோம்மா என்று அலுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் கட்டணும், அடுத்ததை எதிர்ப்பக்கம் எங்கே கட்டணும், நடுவில் தண்ணீர் தேங்காமல் இருக்க எதை முட்டுக் கொடுக்கணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முடித்ததும், மழையில் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்றேன்.